ரீடிங்கைத் திருத்தி எழுதாதீர்கள்

அன்புள்ள முதலாண்டு எம்.பி.பி.எஸ். மாணவ மாணவியருக்கு,

ஓர் அரசு மருத்துவக் கல்லூரியில் ஃபிசியாலஜி நடத்தும் ஆசிரியை எழுதும் கடிதம் இது. தமிழ்நாட்டில் நீங்கள் எந்த ஊரில், எந்தக் கல்லூரியில், எந்த ஒதுக்கீட்டில் சேர்ந்திருந்தாலும் இது உங்களுக்காகத்தான்.

இந்நேரம் முதல் இன்டர்னல் மதிப்பெண் வந்திருக்கும். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் வந்த பட்டியலைப் பெரிதாக்கி, உங்கள் ரோல் நம்பருக்கு நேரே இருந்த எண்ணைப் பார்த்ததும் போனைக் கவிழ்த்து வைத்தவர்கள் உங்களில் நிறைய பேர் இருப்பீர்கள். பத்தாம் வகுப்பிலிருந்து தொண்ணூறுக்குக் கீழே இறங்காத பிள்ளைகள். சீட் கிடைத்த அன்று தெருவே இனிப்பு சாப்பிட்டிருக்கும், பள்ளி வாசலில் உங்கள் படத்தோடு பேனர் தொங்கியிருக்கும். இப்போது அனாடமியில் நூற்றுக்கு முப்பத்தெட்டு. இரவு அம்மா போனில் கேட்டால், "இன்னும் போடலைம்மா."

மதிப்பெண்ணைப் பற்றி முதலில் பேசிவிடுகிறேன், ஏனென்றால் அதுதான் இப்போது உங்கள் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருக்கிறது. நீட் தேர்வு 180 கேள்விகளைக் கேட்டது, ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகளையும் கண்ணெதிரே வைத்தது. சரியானதை அடையாளம் கண்டால் போதும். நாங்கள் வெள்ளைத்தாளை நீட்டி, பிரேக்கியல் பிளெக்ஸஸை வரை என்கிறோம். கார்டியாக் சைக்கிளை விளக்கு என்கிறோம். கண்ணால் பார்த்து அடையாளம் காண்பது ஒரு வேலை, ஒன்றுமில்லாத தாளில் நினைவிலிருந்து எடுத்து வைப்பது முற்றிலும் வேறு வேலை. இரண்டு ஆண்டு, சிலர் மூன்று ஆண்டு, முதல் வேலைக்கு மட்டுமே பழக்கப்பட்டு வந்திருக்கிறீர்கள். முதல் இன்டர்னலில் சறுக்குவதற்கு அதுவே போதும். அறிவு குறைந்துவிட்டது என்று முடிவுகட்ட வேண்டியதில்லை.

படிக்கும் நேரத்தைக் கூட்டுவதால் இது சரியாகாது. ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் 2006இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மாணவர்களில் ஒரு பிரிவினர் பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள். மற்றவர்கள் படித்துவிட்டுத் தாளை மூடி, நினைவில் இருந்ததை எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்கள் முன்னே நின்றார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது எழுதிப் பார்த்தவர்கள் வெகுதூரம் முன்னே போயிருந்தார்கள். சௌராசியாவின் அனாடமி புத்தகத்தில் மூன்று நிறத்தில் ஹைலைட்டர் அடிப்பது படித்துவிட்ட திருப்தியைத் தரும். அந்தத் திருப்தி பரீட்சை ஹாலில் கைகொடுக்காது. ஒரு மணி நேரம் படியுங்கள், புத்தகத்தை மூடுங்கள், ரஃப் நோட்டில் படத்தை வரைந்து பாருங்கள், ரூம்மேட்டுக்குச் சொல்லிக் காட்டுங்கள். எங்கே திக்குகிறதோ அதை மட்டும் திரும்பப் பாருங்கள். இப்படிப் படித்தால் உங்களுக்கு மிச்சமாகும் நேரம் கொஞ்சமல்ல, அந்த நேரத்தில் நீங்கள் மனிதர்களாகவும் இருக்கலாம்.

ஆனால் இந்தக் கடிதத்தை எழுத வைத்தது மதிப்பெண் இல்லை. ஹீமட்டாலஜி லேபில் நான் ஆண்டுதோறும் பார்க்கும் ஒன்று.

சாலி முறையில் ஹீமோகுளோபின் பார்க்கும் வகுப்பு. குழாயில் குறித்த கோடுவரை நீர்த்த அமிலம் எடுத்துக்கொள்வீர்கள். மோதிர விரலை ஸ்பிரிட்டால் துடைத்து, லான்செட்டால் குத்தி, முதல் துளியைத் துடைத்துவிட்டு அடுத்த துளியை பிப்பெட்டில் உறிஞ்சி அமிலத்தில் விடுவீர்கள். இரத்தம் பழுப்பாகும். பத்து நிமிடம் பொறுத்து, காய்ச்சி வடித்த தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து, இரு பக்கமும் இருக்கும் கண்ணாடியின் நிறத்தோடு ஒத்துப்போகிறதா என்று ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பீர்கள். ஒத்துப்போன இடத்தில் குழாயில் இருக்கும் எண்தான் ஹீமோகுளோபின் அளவு.

ஓர் ஆண்டு ஒரு மாணவியின் குழாயில் எட்டரையிலேயே நிறம் ஒத்துவிட்டது. அவள் பக்கத்து மேசையை எட்டிப் பார்த்தாள். அங்கே பதின்மூன்று. இவள் இன்னும் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டாள், நிறம் வெளுத்தது, எண் ஏறியது. அப்புறம் ரெக்கார்டில் பென்சிலால் போட்டிருந்ததை ரப்பரால் அழித்துவிட்டுப் பேனாவால் 12.5 என்று எழுதினாள். பெண்களுக்கு இயல்பான அளவு என்று அதே பக்கத்தின் மேலே அவளே எழுதி வைத்த எல்லைக்குள் அது கச்சிதமாக வந்துவிட்டது. கேட்டபோது, "எக்ஸ்பெரிமென்ட் தப்பாயிடுச்சு மேம்" என்றாள்.

எக்ஸ்பெரிமென்ட் சரியாகத்தான் வந்திருந்தது. அவளுக்கு இரத்தசோகை. காலை டிபனை விட்டுவிட்டு எட்டு மணி லெக்சருக்கு ஓடி வருகிறவள். மாதவிடாயில் இரத்தப்போக்கு அதிகம் என்பதை யாரிடமும் சொன்னதில்லை. டிசெக்‌ஷன் ஹாலுக்கு மாடி ஏறும்போது மூச்சு வாங்குவதையும், மாலை ஆறு மணிக்கே கண் இருட்டிக்கொண்டு வருவதையும், "எனக்கு மத்தவங்க மாதிரி உழைக்க வரலை" என்று தன் தலையிலேயே போட்டுக்கொண்டிருந்தாள். மெடிசின் ஓ.பி.க்கு அனுப்பி, பரிசோதனை முடிந்து, இரும்புச்சத்து மாத்திரை தொடங்கிய சில மாதங்களில் மேல்மூச்சு அடங்கியது. மாலையில் உட்கார்ந்து படிக்கவும் முடிந்தது. 2019–21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இரத்தசோகை இருக்கிறது. மருத்துவக் கல்லூரியில் சேர்ந்துவிட்டதாலேயே அந்தக் கணக்கிலிருந்து யாரும் விலகிவிடுவதில்லை.

உங்களிடம் எனக்குச் சொல்ல இருப்பது இது ஒன்றுதான். உங்கள் உடம்பும் மனமும் காட்டும் ரீடிங்கைத் திருத்தி எழுதாதீர்கள். நாளைக்கு ஒரு நோயாளியின் பி.பி. சார்ட்டில் பார்க்காத அளவை எழுதினால் அது குற்றம் என்று உங்களுக்கே தெரியும். உங்கள் விஷயத்தில் மட்டும் தூங்காததைத் தூங்கியதாக, புரியாததைப் புரிந்ததாக, தாங்க முடியாததைத் தாங்குவதாக எழுதிக்கொண்டே போகிறீர்கள். படிப்பின் சுமை கடுமையானது, மறுக்கவில்லை. ஆனால் இத்தனை ஆண்டுகளில் பிள்ளைகள் உடைந்துபோவதை நான் பார்த்தது சுமையால் மட்டும் இல்லை. அதை ஒளித்துச் சுமந்ததால்.

தூக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நைட் அவுட் அடித்தேன் என்று காலை டீக்கடையில் பெருமையாகச் சொல்கிறீர்கள். ஆஸ்திரேலியாவில் டாசன், ரீட் என்ற இருவர் 1997இல் வெளியிட்ட ஆய்வு இது: தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனமும் கைநிதானமும் இரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் உள்ளவரின் நிலைக்கு இறங்கிவிடுகின்றன. 24 மணி நேரத்தில் அது ஏறத்தாழ 0.10 சதவீத அளவுக்குப் போகிறது. நம் மோட்டார் வாகனச் சட்டம் 0.03 சதவீதத்தைத் தாண்டினாலே வண்டி ஓட்டக்கூடாது என்கிறது. காலை ஆறு மணிக்கு எழுந்தவர் இரவு பதினொன்றுக்கே அந்த எல்லையைத் தாண்டிவிடுகிறார். விடிய விடிய உட்கார்ந்துவிட்டு வைவாவுக்குப் போகும் பிள்ளை, தெரிந்த பதிலும் நாக்கில் வராமல் நிற்பதில் வியப்பில்லை.

இதன் காரணம் உங்கள் சிலபஸிலேயே இருக்கிறது, நரம்பு மண்டலம் நடத்தும்போது சொல்லித்தான் தருகிறோம். பகலில் படித்ததை ஹிப்போகாம்பஸ் பிடித்து வைக்கிறது. ஆழ்ந்த உறக்கத்தின்போதுதான் அது கார்டெக்ஸில் நிலைபெறுகிறது. தூங்காமல் படிப்பது பதியாமல் படிப்பது. காபி இதைச் சரிக்கட்டாது. விழித்திருக்கும்போது மூளையில் அடினோசின் சேர்ந்துகொண்டே இருக்கும், அதன் ரிசெப்டார்களை காஃபீன் அடைத்துக்கொள்கிறது. அசதி அப்படியே இருக்கிறது, அசதியைச் சொல்லும் வாய் மட்டும் மூடப்படுகிறது. காஃபீனின் அரை ஆயுள் சுமார் ஐந்து மணி நேரம் என்பதால் இரவு ஒன்பது மணிக்குக் குடித்த காபியில் பாதி நள்ளிரவு தாண்டியும் உடம்பில் இருக்கும். ஏழு மணி நேரத் தூக்கத்தை டைம்டேபிளில் முதலில் போடுங்கள். மிச்சமிருக்கும் நேரத்துக்குள் படிப்பைப் பொருத்துங்கள். முதலில் பயமாக இருக்கும், செய்து பாருங்கள்.

சாப்பாட்டுக்கும் ஓட்டத்துக்கும் நீண்ட உபதேசம் தேவையில்லை. காலை டிபனை விடாதீர்கள். மாலையில் அரைமணி நேரம் கிரவுண்டுக்குப் போங்கள். பள்ளியில் பாடியவர்கள், கபடி ஆடியவர்கள், வரைந்தவர்கள் அதை மூட்டை கட்டி வைக்காதீர்கள். ராகிங் நடந்தால் பொறுத்துப் போகாதீர்கள். 1997லிருந்தே தமிழ்நாட்டில் அதற்கு எதிரான சட்டம் இருக்கிறது, 1800-180-5522 என்ற எண்ணுக்கு எந்நேரமும் அழைக்கலாம்.

தமிழ்வழியில் படித்து வந்தவர்களிடம் மட்டும் கொஞ்சம் தனியாகப் பேச வேண்டும். 2020லிருந்து அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்த பிறகு எங்கள் வகுப்புகளின் முகமே மாறியிருக்கிறது. செங்கல் சூளையிலும் நூறுநாள் வேலையிலும் உழைத்த பெற்றோரின் பிள்ளைகள் ஸ்டெதஸ்கோப்போடு வந்து உட்காருகிறார்கள். எனக்கு அதில் இருக்கும் மகிழ்ச்சியைச் சொல்லி மாளாது. ஆனால் "அண்டர்ஸ்டாண்ட்?" என்று கேட்டால் முதலில் தலையாட்டுவதும் நீங்கள்தான். முன்வரிசை ஆங்கிலத்தில் சரளமாகக் கேள்வி கேட்கும்போது, கடைசி வரிசையில் உங்கள் கேள்வி தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. விடுதிக்குப் போய் அகராதியோடு ஒரு பக்கத்தை ஒரு மணி நேரம் உழுகிறீர்கள். அப்புறம் தூக்கமும் போகிறது.

தமிழில் புரிந்துகொள்ளுங்கள், அதில் குறைவு ஒன்றுமில்லை. 19ஆம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் என்ற அமெரிக்க மருத்துவர் மேலைமருத்துவ நூல்களைத் தமிழில் பெயர்த்து, தமிழிலேயே பாடம் நடத்தி மருத்துவர்களை உருவாக்கினார். சிறுநீரகம் எப்படி இரத்தத்தை வடிகட்டுகிறது என்பதைத் தமிழில் தெளிவாகச் சொல்லத் தெரிந்தவருக்கு, அதை ஆங்கிலத்தில் எழுதத் தேவைப்படுவது சில நூறு சொற்களும் தினசரிப் பழக்கமும்தான். வகுப்பு முடிந்ததும் ஆசிரியரை நிறுத்தித் தமிழில் கேளுங்கள். வைவாவில் சொல் வராவிட்டால், "சொல் வரவில்லை, விளக்கம் தெரியும்" என்று சொல்லுங்கள். காது கொடுத்துக் கேட்கும் எக்ஸாமினர்கள் நீங்கள் நினைப்பதைவிட அதிகம். பின்னாளில் ஓ.பி.யில் ஒரு மூதாட்டி "நெஞ்சு கரிக்குது, பொசுபொசுன்னு வருது" என்று சொல்லும்போது நீங்கள்தான் முதலில் புரிந்துகொள்ளப் போகிறீர்கள்.

இனி மனம். இதைச் சுற்றிவளைத்துச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. தேசிய மருத்துவ ஆணையம் அமைத்த பணிக்குழு, மருத்துவ மாணவர்களின் மனநலம் பற்றிய அறிக்கையை 2024இல் அளித்தது. அதற்காக நடத்திய இணையவழிக் கணக்கெடுப்பில் இளநிலை மாணவர்கள் 25,590 பேர் பதில் அளித்தார்கள். தங்களுக்கு மனநலப் பிரச்சினை இருப்பதாகச் சொன்னவர்கள் 27.8 சதவீதம். தற்கொலை எண்ணம் வந்ததாகச் சொன்னவர்கள் 16.2 சதவீதம். உங்கள் விடுதி மெஸ்ஸில் ஒரு மேசையைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்தால் அதில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் சிரித்துக்கொண்டே சாம்பார் வாளியை உங்கள் பக்கம் தள்ளுவார்.

எதிலும் பிடிப்பில்லாமல் போவது, தூக்கமும் பசியும் மாறுவது, காரணமில்லாமல் அழுகை வருவது, எல்லாவற்றுக்கும் தானே குற்றவாளி என்று தோன்றுவது: இவை இரண்டு வாரம் தொடர்ந்தால் அது சிகிச்சைக்குரிய நோயாக இருக்கலாம். வரும் ஆண்டுகளில் சைக்கியாட்ரி போஸ்டிங்கில் இதையே நோயாளியின் கேஸ் ஷீட்டில் எழுதப்போகிறீர்கள். உங்களுக்கு வந்தால் மட்டும் சோம்பேறித்தனம், பலவீனம் என்று பெயர் மாறுவதில் நியாயமில்லை.

நம் கல்லூரிகளில் சைக்கியாட்ரி டிபார்ட்மென்ட் கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது. ஆனால் ஓ.பி. வரிசையில் சீனியர் பார்த்துவிடுவாரோ, பி.ஜி. அடையாளம் கண்டுவிடுவாரோ என்ற கூச்சம் கால்களைக் கட்டிப்போடுகிறது. அந்தக் கூச்சம் எனக்குப் புரிகிறது. அதனால் வழிகளைச் சொல்கிறேன். 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும், தமிழில், கட்டணமில்லாமல் பேசலாம். தமிழ்நாட்டில் இது 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரில் நடக்கிறது. வேறு மருத்துவமனையிலும் பார்க்கலாம். யாரிடம் சிகிச்சைக்குப் போனாலும் அதை இரகசியமாக வைத்திருக்க வேண்டும் என்பதை 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் உங்கள் உரிமையாகவே ஆக்கியிருக்கிறது.

ரூம்மேட்டுகளுக்கு ஒரு வார்த்தை. உங்கள் நண்பர் வாழப் பிடிக்கவில்லை என்ற பொருளில் எதைச் சொன்னாலும், விளையாட்டாகச் சொன்னதுபோல் இருந்தாலும், நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. "யார்கிட்டயும் சொல்லாதே" என்று சத்தியம் வாங்கியிருந்தாலும் சொல்லுங்கள்: வார்டனிடம், ஆசிரியரிடம், அவர் வீட்டாரிடம். உதவி வரும்வரை தனியே விடாதீர்கள். அந்தச் சத்தியத்தை மீறியதற்காக அவர் கோபித்துக்கொள்ளலாம். கோபித்துக்கொள்ள அவர் இருப்பார்.

எல்லாவற்றையும் மாணவர் தலையில் கட்டிவிட்டு நாங்கள் ஒதுங்கிக்கொள்ளவும் கூடாது. வைவாவில் ஒரு பிள்ளையை வகுப்பின் முன்னால் கூனிக்குறுக வைப்பது கற்பித்தல் ஆகாது. "எங்க காலத்துல இதைவிடக் கஷ்டம்" என்று சொல்லும் என் சக ஆசிரியர்கள், அந்தக் கஷ்டத்தால் எந்த நோயாளிக்கு நன்மை விளைந்தது என்று யோசிக்க வேண்டும். ரெசிடென்ட் மருத்துவர்களின் வேலை நேரத்துக்கு வரம்பு வைத்து மத்திய அரசு 1992லேயே உத்தரவு போட்டது. 2024ஆம் ஆண்டுப் பணிக்குழுவுக்கோ வாரம் 74 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது, வாரத்தில் ஒரு நாள் ஓய்வு வேண்டும் என்று பரிந்துரைக்க வேண்டிய நிலைமை இருந்தது. இடைப்பட்ட முப்பத்திரண்டு ஆண்டுகளில் என்ன நடந்தது என்பதை இதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம். இதை மாற்ற வேண்டியது நாங்கள். நீங்கள் பி.ஜி. முடித்து யூனிட் சீஃப் ஆகும்போது பழையதைத் தொடராமல் இருக்க வேண்டியது நீங்கள்.

பெற்றோர் யாராவது இதைப் படித்தால், ஞாயிற்றுக்கிழமை போனில் முதல் கேள்வியாக மார்க்கைக் கேட்காதீர்கள். நேற்று எத்தனை மணிக்குப் படுத்தாய் என்று கேளுங்கள்.

தேர்வில் தவறினால் என்ன ஆகும் என்ற பயத்துக்கும் பதில் இருக்கிறது. சப்ளிமென்டரி தேர்வு உண்டு. அதில் தேறினால் அதே பேட்ச்சோடு தொடரலாம். முதலாண்டைக் கடக்க நான்கு வாய்ப்புகள் தரப்படுகின்றன. முதல் முறையில் தவறிய எத்தனையோ பேர் இன்று நல்ல மருத்துவர்களாக வேலை பார்க்கிறார்கள். எந்த நோயாளியும் அவர்களிடம் பயோகெமிஸ்ட்ரி முதல் அட்டெம்ப்ட்டா என்று கேட்டதில்லை.

உலக மருத்துவச் சங்கத்தின் ஜெனீவாப் பிரகடனம் 1948இல் உருவானது, உலகெங்கும் மருத்துவர்கள் எடுத்துக்கொள்ளும் உறுதிமொழி. நோயாளி, ஆசிரியர், சக மருத்துவர் எல்லாரையும் பற்றி அதில் இருந்தது. மருத்துவர் தன் உடல்நலத்தையும் நல்வாழ்வையும் கவனித்துக்கொள்வது, தரமான சிகிச்சை தருவதற்கான கடமை என்பது 2017இல்தான் சேர்க்கப்பட்டது. அந்த ஒரு வரி வர ஏறத்தாழ எழுபது ஆண்டு ஆகியிருக்கிறது. நீங்கள் அந்த வரி வந்த பிறகு சேர்ந்த தலைமுறை.

ஒவ்வொரு கல்லூரியிலும் உங்களுக்கு ஒரு மென்டர் ஒதுக்கப்பட்டிருப்பார். அவர் பெயர் தெரியாதவர்கள் நாளைக் காலை டிபார்ட்மென்ட் அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இந்த வாரமே ஒருமுறை போய்ப் பாருங்கள். நன்றாக இருப்பவர்களும் போங்கள். இல்லாதவர்கள் கட்டாயம் போங்கள், இருப்பதை இருக்கிறபடி சொல்லுங்கள். அவர் கேட்க மறுத்தால் அடுத்த ஆசிரியரிடம் போங்கள், கேட்கும் ஒருவர் கிடைக்கும்வரை விடாதீர்கள்.

அன்புடன்,
ஃபிசியாலஜி ஆசிரியை ஒருவர்